வகை தெரியவில்லை

இரும்புக்கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ.
கீழே தவுக்கே ஆணி நிறுக்கும் சத்தம்
இங்கே கேட்கும்.
பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா;
பஸ் ஏறுபவர் வாயில் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை.

என் மென்பொருளும் அந்தப் பழைய பெயர்க் காலத்தது.
பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய வட்டு,
உறைமேல் பால்பாயிண்டில் இருபத்துநான்கு எழுத்து.
அதைத் தட்டினால் திறந்துகொள்ளும்.
நீ யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று யுகேந்திரன் வந்தான், அக்காள் மகன்,
தவணையில் எடுத்த புதுக் கேமராவோடு.
"ரா-வுல எடுத்தா ஒண்ணுமே வீணாகாது மாமா."
நீலத் துணிக்கு முன்னால் அஞ்சலையை உட்காரவைத்து
மூன்றே சொடுக்கு.
கோப்புகளை என் கணினியில் இறக்கிவிட்டுக்
கிள்ளான் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

இன்று திறக்கிறேன்.
சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழுந்து சொல்கிறது:
கோப்பின் வகை தெரியவில்லை.
இன்னொரு முறை.
தெரியவில்லை.
மூன்றாவதற்கும் அதே வாக்கியம்,
கீழே 'சரி' என்று
ஒரே ஒரு பொத்தான்.

அஞ்சலை என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்.
செம்பனைக்கடியில் உதிரி பொறுக்கும் கையில்
பாரங்கள் அடைத்த பிளாஸ்டிக் பை.
நாளை காலை எட்டரைக்குப் பதிவிலாகா கௌண்டர்.
நாற்பத்தாறு வயது, ஐசி கிடையாது.
லயத்தில் பிறந்தாள், யாரும் எழுதிவைக்கவில்லை.
இது ஏழாவது மனு.

கோப்புறையில் மட்டும்
நகத்தளவு படம் ஒன்று வருகிறது.
விரல் வைத்துக் காட்டுகிறாள்.
"அந்தா இருக்கேனே.
அப்புறம் ஏன் இல்லைங்குது?"

இல்லைன்னு சொல்லலக்கா,
தெரியலைன்னுதான் சொல்லுது என்றேன்.
"அங்கயும் அப்படித்தான் சொல்லுவாங்க."

நகத்தளவை இழுத்துப் பெரிதாக்கினேன்;
சதுரம் சதுரமாக உதிர்ந்தாள்.

உள்ளே எல்லாம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.
இருபத்தெட்டு மெகாபைட்.
மூக்குத்தியின் நிழல்,
கழுத்தோரம் ஆறிப்போன முள் கீறல்,
என்ன நிறமென்று இன்னும் முடிவாகாத வெளிச்சம்.
படிக்கத் தெரியாதது
இந்தப் பெட்டிக்குத்தான்.

தந்திரம் ஒன்று உண்டு.
கோப்பின் வயிற்றைக் கீறி, எண்களுக்கு நடுவே
கேமராவின் பெயர் கிடக்கும் இடம் தேடி
பழைய மாடலின் பெயரை
அதே நீளத்தில் தட்டினால் மென்பொருள் ஏமாறும்.
தட்டினேன். ஏமாந்தது.
திரை நிறைய அஞ்சலை,
முகம் கத்தரிப்பூ நிறத்தில்,
பின்னால் துணி பாசி பிடித்த குளமாக.
கண்ணின் வெள்ளையைத் தொட்டு நிறம் திருத்தினேன்.
கத்தரி போய் மஞ்சள் காமாலை வந்தது.

"என்ன செஞ்சீங்க?"
"வேற பேரு குடுத்தேன்."

கீழே ஆணிகள் தராசில் விழுந்தன.

பிறகுதான் சொன்னாள்,
ராவாங்கில் ஒருவன் எட்டாயிரம் கேட்டானாம்,
செத்துப்போன யாரோ ஒரு சரோஜாவின் ஐசிக்கு.
படத்தை மாத்தினால் போதுமாம்.
"அஞ்சலைங்குற பேருக்கு
ஆள் இல்லாமப் போயிடுமேன்னு
வேணாம்னுட்டேன்."

சேமிக்கவா என்று கேட்டது பெட்டி.
இந்த முறை இரண்டு பொத்தான்.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

அலமாரியிலிருந்து என் பழைய கேமரா,
ரப்பர் பட்டையில் நிற்கும் அதன் பாட்டரி மூடி.
மறுபடி நீலத் துணி, மறுபடி ஸ்டூல்.
நெற்றி வெளுத்து, கன்னம் சொரசொரத்து,
இருந்தாலும் அஞ்சலைதான்.
மென்பொருள் மறுபேச்சில்லாமல் திறந்தது.
நாலு பிரதி வெட்டி உறையில் போட்டேன்.
யுகேந்திரனின் மூன்று கோப்பையும் அழிக்கவில்லை.

எட்டு வெள்ளி என்றேன். பத்து நீட்டினாள்.
மிச்சத்துக்கு இழுப்பறையைத் துழாவும்போதே
படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.
"இருக்கட்டும்.
அடுத்த தடவைக்கு ஆகும்."