மூலை தேய்ந்த எழுத்து

எலுல் மாதம் ஒன்பதாம் நாள்
நிலைக்காலிலிருந்து மெசூசாவைக் கழற்றினேன்.
தோள் உயரத்தில் சாய்ந்திருந்த பித்தளை உறை,
மூன்று தடவை அடித்த வெள்ளைப் பூச்சில்
மரத்தோடு மரமாகியிருந்தது.
கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஏழு ஆண்டில் இருமுறை
உள்ளிருக்கும் தோல்சுருளைச் சரிபார்க்க வேண்டும்.
நான் பார்த்துப் பதினெட்டு ஆண்டு.
கடை இருக்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள்
என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக் கடைக்காரி நான்.
ஸ்ட்ராஸ்பூரில் பாதிப்பேரின் பார்வைக் குறை
எனக்கு மனப்பாடம்.
இருட்டறையில் ஒரு கண்ணை மூடச் சொல்லி
இது தெளிவா, இல்லை இதுவா என்று
நாளுக்கு முப்பது தடவை கேட்பவள்.
கடைசி வரியை யாரும் படிப்பதில்லை.
ஊகிக்கிறார்கள்.
கெட்டிக்காரர்கள் நன்றாகவே ஊகிக்கிறார்கள்.

கைக்குட்டையில் சுற்றி
ட்ராமில் கொண்டுபோனேன்.
எழுத்தர் குகென்ஹைமுக்கு நான்காம் மாடி,
லிஃப்ட் கிடையாது.
சுருளை விரித்தார், விளக்கை இழுத்தார்,
முதல் வரியின் கடைசி எழுத்தில் நின்றுவிட்டார்.

அது தாலெத்.
மூலை கூராக இருக்க வேண்டும்.
தேய்ந்து வளைந்தால் ரேஷ்.
தாலெத் என்றால்
அவன் ஒருவன்.
ரேஷ் என்றால்
அவன் வேறொருவன்.

"நான் சொல்லக் கூடாது, எனக்கு வாக்கியம் தெரியும்.
உங்களுக்கும் தெரியும்.
தெரிந்தவர் கண் செல்லாது."
கதவைத் திறந்து மூன்றாம் மாடியைக் கூப்பிட்டார்.

சட்டம் கேட்கும் சாட்சி ஒரு குழந்தை.
மகா புத்திசாலியாக இருக்கக் கூடாது,
மக்காகவும் கூடாது.
எழுத்து தெரிய வேண்டும்,
என்ன எழுதியிருக்கிறது என்று
தெரிந்திருக்கக் கூடாது.

நஃப்தாலி வந்தான், ஒரு காலில் மட்டும் காலுறை,
பிளம் பழத் தார்ட் தின்ற ஊதா வாய்.
கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு
தொடாமல் காட்டினார்: "இது என்ன?"

தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
இத்தனை வருடத்தில்
என் நாற்காலியில் உட்கார்ந்த எவரும்
அப்படிப் பார்த்ததில்லை.

"ரேஷ்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான்,
தட்டில் இன்னும் பாதி இருந்ததாம்.

என் வாசல் எத்தனை நாளாய்
அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது?
தொட்டுவிட்டுப் போனேன், தொட்டுவிட்டு வந்தேன்,
விரலை முத்தமிட்டேன்.
போன குளிர்காலம் நான்த்திலிருந்து ஜோனாஸ் பேசினான்.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
பில்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
"அம்மா, கேட்கிறாயா?"
"கேட்கிறேன்" என்றேன்.
ஊகித்துக்கொண்டிருந்தேன்.

"மூலையில் மட்டும் கொஞ்சம் மை தொட்டு..."
"முடியாது" என்றார் குகென்ஹைம்.
"இதில் எழுத்துகள் வரிசையாகப் பிறக்க வேண்டும்.
பின்னால் பிறந்தவை இருக்கையில்
முன்னே போய்த் திருத்தினால் செல்லாது.
புதிதாக,
முதல் எழுத்திலிருந்து."
விலை சொன்னார். மூன்று வாரம் என்றார்.
பழையதைக் குப்பையில் போடுவதில்லை,
மனிதரைப் போல மண்ணில் வைப்பார்கள்.

இப்போது நிலைக்காலில் இரண்டு ஓட்டைகள்,
நடுவே விரல் நீளத்துக்குப் பச்சை.
எனக்கு முன்னால் யாரோ குடியிருந்த பச்சை.
பழக்கத்தில் கை மேலே போகிறது,
ஒன்றுமில்லாத இடத்தில் பட்டு
நிற்கிறது.
உறை இருந்த காலத்தில்
அது நின்றதே இல்லை.

நேற்று மாலை அப்படி நிற்கையில் போன் அடித்தது.
சாவி பூட்டிலேயே இருந்தது,
லீக்ஸ் தாள்கள் பையிலிருந்து எட்டிப் பார்த்தன.
படியில் உட்கார்ந்தேன்.
"சொல்லுடா" என்றேன்.

ஒரு பல்வலியைச் சொன்னான்.
வாடகை கூட்டிய வீட்டுக்காரரைச் சொன்னான்.
பிறகு கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
அது யார், பெயர் என்ன என்று
நாக்கு நுனிவரை வந்ததை
அங்கேயே வைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் அணையும் மாடிப்படி விளக்கு
வழக்கம்போல அணைந்தது.
பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.