கூட

துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறேன்.
எத்தனை பார், எந்தப் படகு, யார் கடன்.
ஏழு வருஷமாக இன்னொரு கணக்கும் உண்டு:
காலை இரண்டு, ராத்திரி இரண்டு,
வெள்ளை மாத்திரை.

ஈரலுக்குள் பித்தக் குழாய்கள்
மயிரிழை மயிரிழையாக அடைபடுகின்றனவாம்.
குடிக்காத பொம்பளைக்கு எப்படி என்று
கேட்காத ஆள் முதுநகரில் இல்லை.
உடம்பே தன்னை அந்நியன் என்று
தப்பாகப் படித்துவிடுகிறது என்றார்கள்.
நான் எழுதிய வரியை
நானே சிவப்பு மையால் அடிப்பது போல
என்று புரிந்துகொண்டேன்.

அரிப்பு ராத்திரிக்குத்தான் வரும்.
முதலில் உள்ளங்கை, பிறகு உள்ளங்கால்.
எறும்பு ஊர்கிற மாதிரியா என்பார்கள்.
எறும்புக்கு ஒரு வரிசை உண்டே.
சாக்கில் தேய்த்திருக்கிறேன், சீப்பால்,
ஒரு தரம் மீன் செதில் எடுக்கும் தகட்டால்.
பகலில் யாரும் பார்க்காதபோது
இரண்டு கையையும் ஐஸ் பாரில் பதித்து
நூறு வரை எண்ணுவேன்.
தொண்ணூறில் கை என்னுடையதில்லை.
மிச்சம் பத்து எண்ணிக்கைதான்
அன்றைக்கு நான் தூங்கியது.

'அளவு கூட இருக்கு'
என்றது கோரிமேட்டில் பங்குனி மாத ரிப்போர்ட்.
'இதோட கூட இன்னொண்ணு பார்க்கலாமா?'
என்றார் டாக்டர் இளவேனில்.
வாரம் ஒரு காப்ஸ்யூல், வைட்டமின் டி.
சிரித்துவிட்டேன்.
மணலில் கொட்டிய நெத்திலி
மத்தியானத்துக்குள் கருவாடாகும் ஊரிலிருந்து வருகிறவளுக்கு
வெயில் பற்றவில்லையாம்.

'இது மருந்தா?'
'மருந்துக்குத் துணை. மாத்திரையை நிறுத்தக் கூடாது.'
'அரிப்பு போயிடுமா?'
'தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி.'
பாதிப் பேருக்கு காப்ஸ்யூல்.
பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் எண்ணெய்.
யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாதாம்.
ஏழு வருஷத்தில்
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா
என்றொரு கேள்வி படிவத்தில் இருந்தது.
நாத்தனார் அரைத்துத் தரும் கீழாநெல்லியை
எழுதிவிட்டேன்.
மூன்று வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள்.
நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்,
அது இன்னும் முடியவில்லை.

நான் இருபத்திரண்டாம் நம்பர்.
இருபத்துமூன்று, பிலோமின் மேரி.
அரியாங்குப்பத்தில் பஸ் ஏறுவாள்,
கடலூரிலிருந்தே சீட் பிடித்துவைப்பேன், பையைப் போட்டு.
ராத்திரி கையுறை மாட்டிப் படுக்கிறவள்.
'உனக்கு எண்ணெயா எனக்கு எண்ணெயா?'
இது போகும்போது.
'எண்ணெயா இருந்தா அப்பளமாவது பொரிச்சிருக்கலாம்.'
இது வரும்போது.
தேங்காய்த்திட்டுப் பக்கம் காற்று உப்பாகும்,
இரண்டு பேரும் சொறிவோம்,
கண்டக்டர் வேறு பக்கம் பார்ப்பார்.

புரட்டாசியில் என் எண்
முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.
அவளுக்கு இரண்டு கூடியிருந்தது.
சொல்லும்போது என் குரலை அடக்கிக்கொண்டேன்,
அவள் கண்டுபிடித்துவிட்டாள்.
பதினெட்டு வித்தியாசம்.
எங்கள் கம்பெனியில் அதை
கரைந்தது என்று எழுதி பக்கத்தை மூடுவோம்.
டாக்டரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
கவர் பிரிக்க இன்னும் ஐந்து மாதம்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு காப்ஸ்யூல்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்:
மஞ்சளாய், தெளிவாய்,
உள்ளே ஒரு நீர்க்குமிழி சாய்ந்து நகர்கிறது.
எதுவாக இருந்தாலும் போ என்று விழுங்குகிறேன்.

ராத்திரி இரண்டே கால்.
போன் ஒரு ரிங் அடித்து நிற்கிறது.
அரிக்குதா என்று அர்த்தம்.
வீட்டில் எல்லோரும் தூக்கம்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்து
நானும் ஒரு ரிங் விட்டு
வைத்துவிடுகிறேன்.