பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

பெரியவர்களுக்குப் பத்து, பிள்ளைகளுக்கு ஐந்து,
கேமராவுக்கு இருபது.
செல்போனும் கேமராதானா என்று
தினம் ஒரு சண்டை.

வாலாஜாவிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில்
கல்யாண மண்டபத்துக்கும் எடைமேடைக்கும் நடுவே
மூன்று போர் விமானங்கள், ஒரு ஹெலிகாப்டர்,
தனியே கழற்றி வைத்த ஓர் எஞ்சின்.
சக்கரங்களில் காற்றில்லை. அடியில் செங்கல்.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஜில்லாவைச் சொல்வார்களே,
அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஓடுமா?" என்பார்கள்,
செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் பார்க்க வந்தவர்கள் போல.
பறக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அக்னி நட்சத்திரத்தில்
இறக்கையின் நிழல்தான் எங்கள் வசூல்.
எடைமேடையில் வரிசை நிற்கும் லாரிக்காரர்கள்
பத்து ரூபாய் கொடுத்து
குண்டு தொங்கிய கொக்கிக்குக் கீழே
துண்டை விரித்துப் படுக்கிறார்கள்.
நான் எழுப்புவதில்லை.
ராணிப்பேட்டைப் பக்கத்துக் காற்று
தோல் வாடையோடு வந்து
அவர்களைப் புரட்டிப் போடும்.

மே மாதம் மூன்றாம் வாரம்
நடு விமானத்தின் மூக்கோட்டையில் மைனா கத்தியது.
குஞ்சுகள் போன பிறகு கூட்டை எடுக்கச் சொன்னார்
சூப்பர்வைசர் எத்திராஜுலு.
தோள்வரை கைவிட்டேன்.
வைக்கோல், பாலிதீன், செருப்பு வார்த் துணுக்கு,
யாரோ பெண்ணின் பச்சை வளையல் துண்டு.
அதற்கும் அப்பால்,
தகடெல்லாம் கொதிக்கும் அந்த மதியத்தில்
விரலில் பட்டது
ஜில்லென்று ஒன்று.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் தீற்றல்,
உளியால் குத்திய முப்பத்தொன்று.

எத்திராஜுலு கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார்.
சாயங்காலம் டூல் எண்ணுவோம், தேவகிருபை.
ஒண்ணு குறைஞ்சா விமானம் எழும்பாது,
எவனும் வீட்டுக்குப் போக முடியாது,
டார்ச்சை வாயில் கவ்விக்கிட்டு ஊர்ந்து தேடுவோம்.
அவ்வளவுதான் சொன்னார்.
பிறகு: "ரெஜிஸ்டர்ல ஏத்து."

பொருள்: ஸ்பேனர். எண்ணிக்கை: ஒன்று.
வழங்கியவர் பெயர் என்ற கட்டத்தில்
மைனா என்று எழுதினேன்.
அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

எத்தனை வருஷம்
இதை வயிற்றில் வைத்துக்கொண்டு பறந்தது?
இல்லை, பறக்கவேயில்லையோ,
இறக்கையைப் பிரித்து லாரியில் ஏற்றவந்த எவனோ
அவசரத்தில் விட்டுப் போனதோ.
முப்பத்தொன்றாம் எண்காரன்
யாரிடம் என்ன திட்டு வாங்கினான்,
பதவி உயர்வு போயிற்றா,
வீட்டில் சொன்னானா, சொல்லவில்லையா.
தலைமையகத்துக்குக் கடிதம் போட்டோம்.
அப்படி ஒரு கருவி
பதிவேடுகளில் இல்லை என்று பதில் வந்தது,
இரண்டு முத்திரைகளோடு.

உள்ளறையில் ஒரு பழைய டூல் பலகை இருக்கிறது.
ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே
கறுப்பாக வரைந்து ஆணி அடித்த பலகை.
எடுத்தால் நிழல் மட்டும் நிற்கும்.
அதில் ஓர் இடம் காலி.
பூட்டிய பிறகு தனியாகப் போய்
பொருத்திப் பார்த்தேன்.
அரை விரல் நீளம் கூடுதல்.
இதன் நிழல்
வேறெந்தச் சுவரிலோ காத்திருக்கிறது.

டிக்கெட் அறைச் சுவரில்
ஸ்பேனரை வைத்துச் சுற்றிலும் கோடிழுத்தேன்.
ஸ்கெட்ச் பேனா பாதியில் தீர்ந்தது,
மீதியைக் கரித்துண்டால் முடித்தேன்.
ஆணி என் செலவு.

தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறது.
வாரத்துக்கு இரண்டு முறை இறுக்க வேண்டும்.
எடுத்துப் போகிறேன்.
அரக்கோணத்துப் பக்கமிருந்து எழுந்த விமானம் ஒன்று
தலைக்கு மேல் போகிறது.
நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.
முக்கால் சுற்று, இன்னும் கொஞ்சம்,
போதும்.

ஓடிவந்து மாட்டுகிறேன்,
உள்ளே யாரோ
எண்ணிக்கொண்டிருப்பது போல.