மற்றக் காது

பெரியாஸ்பத்திரியில்
கண்ணாடி வைத்த சின்னப் பெட்டிக்குள் இருத்தி
காதிரண்டையும் மூடி
கையில் ஒரு பொத்தானைத் தந்தாள் அந்தப் பிள்ளை.
"சத்தம் கேட்டால் அமத்துங்கோ ஐயா.
எவ்வளவு மெல்லிசெண்டாலும் அமத்துங்கோ."

அமத்தினேன்.
விட்டு விட்டு அமத்தினேன்.
சோதினை எழுதுகிற பொடியனைப்போல
குறைய எடுத்துவிடக்கூடாதென்று
சும்மாவும் இரண்டு தரம் அமத்தினேன்.

வெளியே வந்தபோது தாளைக் காட்டினாள்.
"நான் ஒண்டும் போடாத இடங்களிலை அமத்தியிருக்கிறியள்.
போட்ட இடங்களிலை பேசாமல் இருந்திருக்கிறியள்.
உங்கடை காதுக்குள்ளையே ஒரு இரைச்சல் இருக்கு.
அதைத்தான் நீங்கள் கேட்டது."

இரைச்சல் எனக்குத் தெரியும்.
தொண்ணூறில் கோட்டைப் பக்கமிருந்து வந்த ஷெல்
இடக்காதை எடுத்துக்கொண்டு
பதிலுக்கு ஒரு சில்வண்டை வைத்துவிட்டுப் போனது.
பூசையில் எழுந்தேற்றத்துக்கு
மணி அடித்து ஓய்ந்த பிறகும் எனக்கு அடிக்கும்.
எல்லாரும் எழும்பிய பிறகும்
நான் முழங்காலிலேயே நிற்பேன்.
பக்திமான் என்றார்கள்.

பஸ்ஸில் கொண்டக்டர் ஏதோ கேட்க, ஓம் என்றேன்.
மிச்சக் காசு தரவில்லை.
கேளாதவன் ஓம் என்று சொல்லிப் பழகியவன்.
தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.
அது அங்கே கிடந்து கதைக்கத் தொடங்கியது.

கடவுள் சொன்னார் என்று நான் செய்தவை:
பெரிய எஞ்சின் வாங்கியது.
தம்பியை வள்ளத்தால் இறக்கியது.
கோயில் கொடிமரத்துக்குப் பெயின்ற் அடித்து
கீழே என் பெயரை எழுதுவித்தது.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் செபித்தேன், பொய்யில்லை.
ஒவ்வொன்றும் இடப்பக்கத்தால் வந்தது.

வலப்பக்கத்தால் வந்தது ஒன்றே ஒன்று.
அதையும் சத்தம் என்று சொல்லேலாது.
வலை பொத்தும்போது,
சோற்றில் முள்ளு எடுக்கும்போது,
ஆராதனையில் எல்லாரும் அடங்கி
யாரோ ஒரு குழந்தை மட்டும் இருமும்போது
"சந்தியோகின்ரை வலை" என்று.
அவ்வளவுதான். வினைச்சொல்கூட இல்லை.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு வாடைக்காற்றில்
அறுந்து மிதந்து வந்தது, பன்னிரண்டு துண்டு.
மிதப்பில் சிவப்பு மையால் ஆளின் குறி.
எனக்குத் தெரியாத குறியில்லை.
மிதப்பை வெட்டிக் கடலில் விட்டேன்.
வலையை விடவில்லை.
சந்தியோகு அந்த வருடமே வள்ளத்தை விற்றான்,
பிறகு ஒருநாள் செத்தும் போனான்.
செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டது நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம்தான்.
ஆனால் செவிடனுக்கு மெல்லக் கதைக்க வராது.
கோயில் முழுக்கக் கேட்கும்.
போன பெரிய வெள்ளிக்கு முதல்நாள்
சுவாமியிடம் போய் முழங்காலிட்டு
பொறாமை, கோபம், கிழமைக்கு ஒரு போத்தில் கள்ளு என்று
உரக்கச் சொல்லக்கூடியதைச் சொல்லி எழும்பினேன்.

இன்றைக்குப் பாசையூரில் இறங்கவில்லை.
இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கினேன்.
சந்தியோகின் மகள் பெனடிற்றா
நண்டுக் கொம்பனியில் நண்டு உடைக்கிறவள்,
பகல் வேலை முடிந்து வந்திருப்பாள்.
தகரப் படலை.
நாய் குரைப்பதை
அதன் வாயைப் பார்த்து அறிந்தேன்.

காசு கொண்டுவரவில்லை.
வசனம் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.
திரும்பிப் போ, நாளைக்கு ஒழுங்காக வா என்று
இடப்பக்கம் சொன்னது. நல்ல தெளிவாக,
கிட்டத்தட்டச் சுவாமியின் குரலில்.

நின்றேன்.
விரல் நாலிலும் பிளாஸ்ரர் சுற்றிய கையோடு
அவள் வந்து படலையைப் பிடித்துக்கொண்டு
ஏதோ கேட்டாள்.
"கொப்பரின்ரை வலை" என்றேன்.
தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவளுடைய உதடு அசைந்தது.
ஓம் என்று சொல்லவில்லை நான்.
தலையைத் திருப்பி
மற்றக் காதை அவளுக்குக் கொடுத்தேன்.