இடது கை, பக்கவாட்டில்

எண்பத்தொன்று நவம்பரில் முதல்முறை வந்தார்.
வலது சுண்டுவிரல்.
பெயர்: எக்கெஹார்ட் பவ்லிட்ஸ்கி.
தொழில் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்று
எலக்ட்ரீஷியன் என்று எழுதியது.
இரண்டாம் டிவிஷனில் கோல்கீப்பர் என்பதைக்
கூட வந்த மசாஜ்காரர் கோட்கேதான் சொன்னார்,
எனக்கில்லை, வராந்தாவில் இருந்த எல்லோருக்கும்.

அந்த வராந்தா முழுக்க நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள்.
நெஞ்சுப் படத்துக்கு வரிசை.
கதவு திறந்தே இருக்கும்,
நான் கத்திக்கொண்டே இருப்பேன்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.
தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டார் போலும்.
மேசைமேல் கையை விரித்து வைத்துவிட்டு
கன்னம் சிவக்க மூச்சை அடக்கி நின்றார்.

கைக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை.
அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.
அடுத்த தடவையும் சொல்லவில்லை.
அப்புறம் சொன்னால் கேலி செய்ததுபோல் ஆகிவிடும்.

நான் மைதானத்துக்குப் போனதில்லை.
சனிக்கிழமை மதியம் எனக்கு டியூட்டி.
ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்து
சத்தம் மட்டும் வரும்.
கோல் என்றால் அது பொங்கி, வழிந்து, அடங்க நேரமாகும்.
சில சமயம் ஒரு 'ஓ' பாதியிலேயே அறுந்துபோகும்.
அது அவர்.
திங்கட்கிழமை அந்த 'ஓ' எந்த விரல் என்று தெரிந்துவிடும்.

பதின்மூன்று வருஷத்தில் பத்தொன்பது படங்கள்.
ஓஸ்னாப்ரூக்கில் உறைந்த தரை, இடது கட்டைவிரல்.
யாரோ ஒருவனின் பூட்ஸ் ஆணி, நடுவிரல்.
மோதிரவிரல் மூன்று முறை,
மூன்றாவது முறை மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தோம்.
அதை நசுங்கியபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்,
புதிதாக வாங்கியதாகத் தெரியவில்லை.
ஒட்டின எலும்பு ஒட்டின இடத்தில் தடித்துப்போகும்.
வெளிச்சப் பெட்டியில் மாட்டினால்
ஒரு கைக்குள் பல முடிச்சுகள்.
டாக்டர் வேப்பெல்மான் ஒவ்வொரு முறையும் கேட்பார்,
இன்னும் ஆடுகிறானா இவன்?

எண்பத்தொன்பது ஜூன். கடைசி ஆட்டம்.
டிரா ஆனால்கூட முதல் டிவிஷன்.
எண்பத்தெட்டாம் நிமிஷம் பெனால்டி.
ரேடியோ வைத்திருந்தோம், வரிசையில் யாருமே இருமவில்லை.
வலப்பக்கம் பாய்ந்திருக்கிறார்.
பந்து அவசரமே இல்லாமல்
அவர் நின்றிருந்த இடம் வழியாகப் போயிருக்கிறது.
சும்மா நின்றிருந்தால் நெஞ்சில் வந்து விழுந்திருக்கும்
என்றார் ஒருவர், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

திங்கட்கிழமை வந்தார். தனியாக.
இடது கை, பக்கவாட்டில் எடுங்கள் என்றார்.
வீக்கமில்லை. சிராய்ப்புகூட இல்லை.
எடுத்தேன்.
ஒன்றும் உடையவில்லை என்றேன்.
நல்லாப் பாருங்க.
பார்த்தேன்.
பழைய முடிச்சுகள்தான் இருக்கின்றன, திரு. பவ்லிட்ஸ்கி.
வலதுகை?
வலதுகையும் எடுத்தேன்.
அந்த இரண்டு பிலிமுக்கும் நான் பில் போடவில்லை.

இன்னும் ஐந்து வருஷம் ஆடினார்,
ஒரு டிவிஷன் கீழே, பின்பு அதற்கும் கீழே.
கைப் படத்துக்கு வருவது நின்றுபோனபோது
நான் பத்திரிகையில் தேடவில்லை.

என் கடைசி வருஷத்தில் திரும்ப வந்தார். இருமல்.
பிலிம் இல்லை இப்போது, வெளிச்சப் பெட்டி இல்லை.
படிவத்தில் தொழில் கேட்பதும் இல்லை.
சட்டையைக் கழற்ற நான்தான் உதவினேன்,
பொத்தானில் அந்த விரல்கள் நிற்கவில்லை.
பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார்.
இழுங்க, பிடிங்க என்று நான் சொல்வதற்குள்
தோள்கள் ஏறிவிட்டன.

இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக
அதற்குத் தேவை இருந்தது.
படம் விழுந்துவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மூச்சை விடலாம் என்று சொல்ல மறந்து.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் அப்படியே நின்றிருந்தார்,
அசையாமல்.