அடிப்படை ஏக்கர்

மார்ச். பாதி பனி, பாதி சேறு.
பூட்ஸை வாசற்படியில் இருமுறை உதைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட வருகிறார்கள்.
என் மேசைமேல் சங்கிலி கட்டிய பேனா ஒன்று உண்டு.
பால்மர் ஹாவ்கன் அதைத் தொடமாட்டார்.
அரசாங்கக் காசில் உட்கார்ந்து தின்கிறவர்களைப் பற்றி
ஒன்பது மணிவரை காபிக் கடையில் பேசிவிட்டு
ஒன்பதே காலுக்கு இங்கே வருவார்.
சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனா.
மூடியைப் பல்லால் கடித்து இழுத்து
மூன்று பிரதி.

நான் மார்லிஸ் ட்வைட்.
இந்தக் கவுண்டியின் எழுநூற்றுப் பதினாறு பண்ணைகளும்
என் இரும்பு அலமாரியில் எண்களாய்த் தூங்குகின்றன.
முந்நூற்று நாற்பதாம் கோப்பைத் திறந்தால்
வடக்குத் தாழ்நிலத்தில் நாற்பது ஏக்கர் கோதுமை.
போய்ப் பார்த்தால்
பத்தொன்பது வருடமாய்த் தண்ணீர்.
வேலிக்கம்பங்கள் மூச்சு வாங்க மூக்கை மட்டும்
நீட்டிக்கொண்டு நிற்கின்றன.
வாத்துகளுக்கு அது ஏரி.
எங்களுக்குக் கோதுமை.
என்றோ ஒருவன் அங்கே விதைத்ததைக்
காகிதம் மறக்கவில்லை.
அடிப்படை ஏக்கர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
விலை விழும் வருடங்களில்
நீருக்கடியில் அது விளைந்துவிடும்.

மே மாதக் கடைசி.
தானியக் கிடங்கின் பலகையில்
நேற்றைவிட எட்டு சென்ட் குறைவு.
காபிக் கடையில் யாரும் பெருமூச்சு விடவில்லை.
ஆதார விலைக்குக் கீழே எவ்வளவு போகுமோ
அவ்வளவும் வாஷிங்டன் பொறுப்பு.
முட்டையைக் கிளறிக்கொண்டே
பலகையை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள்,
அடுத்த வீட்டுக்காரி துணி உலர்த்துவதைப்போல.
மழைக்கென்று லுத்தரன் கோவிலில்
அச்சடித்த ஜெபம் இருக்கிறது.
விலை விழுவதற்கு இல்லை.
அதை அவரவர் மனப்பாடமாய்ச் சொல்லிக்கொள்கிறார்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாதாம்.
இங்கே உழுதவன் கணக்குப் பார்ப்பதில்லை,
நான் பார்க்கிறேன்.
உழக்கு மிஞ்சத்தான் செய்கிறது.
அது யார் வீட்டு உழக்கு என்பதற்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

அக்டோபரில் பணம் விழுந்தது.
ஆர்லெட் க்ரோமுக்கு ஏக்கருக்குப் பதினோரு டாலர்.
உழுவது அவள், நிலம் இன்னொருவருடையது.
நிலத்தின் சொந்தக்காரர் அரிசோனாவில்
கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்.
அவர் அனுப்பிய கடிதத்தை ஆர்லெட் கொண்டுவந்தாள்,
பிரித்து என் முன்னால் வைத்தாள்.
வரும் வருடம் குத்தகை கூடுகிறது, ஏக்கருக்கு.
"பதினொன்று" என்றாள்.
"பதினொன்று" என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே
சர்க்கரைக் கிழங்கு லாரி ஒன்று
வளைவில் நாலைந்து கிழங்கை உதிர்த்துவிட்டுப் போனது.
நிறுத்தி எடுக்க யாரும் இறங்கவில்லை.
அவள் கடிதத்தை
வந்த மடிப்பிலேயே மடித்தாள்.

எனக்கும் நிலம் உண்டு.
ஈனார் விட்டுப்போன நூற்று அறுபது ஏக்கர்.
லெலண்ட் வாரத்துக்கு உழுகிறான்,
மூன்றில் ஒரு பங்கு எனக்கு.
விளைச்சலில் மட்டுமல்ல,
விழும் விலையிலும்.
ஆனால் ஊழியர் தன் கோப்பைத் தானே தொடக்கூடாது,
அது விதி, நல்ல விதி.
எனவே மறுபடி மார்ச் வந்ததும்
அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு
நாற்பத்திரண்டு மைல் ஓட்டிப்
பக்கத்துக் கவுண்டிக்குப் போனேன்.
வழியெல்லாம் பாதி பனி, பாதி சேறு.
வாசற்படியில் பூட்ஸை உதைத்தேன்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.

மேசையில் புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி.
என்னை யாரென்று தெரியாது அவளுக்கு.
மூன்று பிரதிகளையும் விரித்துவைத்து
சங்கிலிப் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"வேண்டாம், என்னிடம் இருக்கிறது" என்று
கைப்பையைத் துழாவினேன்.
கிடைத்தது.
மூடி இறுக்கமாக இருந்தது.