ஐம்பத்தொன்பது

அந்த வருஷம் ஜாஸுக்கு நல்ல விளைச்சலாம்.
எனக்குத் தெரிந்தது
கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த மூன்று இசைத்தட்டு.
சுங்கப் படிவத்தில் ‘சேதம்’ என்றெழுதிக்
கையெழுத்திட்டவன் நான்.
ஒன்றில் கீறலே இல்லை.

பகலில் சிங்களச் சோதினைக்கு
உருண்டை எழுத்துப் பழகினேன்.
இரவில் கொம்பனித்தெரு மாடியொன்றில்
என்னிலும் உயரமான டபிள் பேஸைக்
கட்டிப்பிடித்து நின்றேன்.
அதற்குச் சோதினை வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

ட்ரம்பெட் ஒஸ்மண்ட்
ஓகஸ்டில் மெல்பேர்னுக்குக் கப்பலேறினான்,
தாய், இரண்டு தங்கைகள், தையல் மெஷினோடு.
ஊதுமுனை மட்டும் பியானோவின் மேல் கிடந்தது.
மறந்தானோ, வைத்தானோ.

அடுத்த சனிக்கிழமை
அவனுடைய பதினாறு கட்டு வந்தது.
துவான் ரஹீம் பிரஷ்ஷை மெல்ல இழுத்தான்.
நான் நடந்துகொண்டே இருந்தேன்,
நாலு நாலாக.
அந்த இடத்தை ஒருவரும் எடுக்கவில்லை.
மின்விசிறி சுற்றியது.
கீழே கடைசி ட்ராம் தண்டவாளம் கிடந்த தெருவில்
ஒரு ரிக்‌ஷா மணி.
பதினாறு முடிய
மூலை மேசையில் யாரோ கைதட்டினார்,
ஆளில்லாத பக்கம் பார்த்து.

சோதினையில் தவறினேன்.
ஊதுமுனை என் லாச்சியில் இருக்கிறது.
ஒருநாள் வாயில் வைத்துப் பார்த்தேன்:
வாத்துச் சத்தம்.